நான்காவது பிரிவு, உட்பிரிவு ஆ

ஏற்கப்பட்டது என்று மெயில் வந்தபோது
எண்ணூரில் சாம்பல் லாரிகள் போகட்டுமென்று
ரோட்டோரம் நின்றிருந்தேன்.
மூன்று வருஷம். நாற்பத்தேழு நண்டு.
பன்னிரண்டு இடத்துச் சேறு.
காட்மியம், ஈயம், கொஞ்சம் பாதரசம்.
இரண்டாம் மதிப்பீட்டாளர் மட்டும் கடைசிவரை
நண்டு ஏன் இத்தனை சின்னது என்று
கேட்டுக்கொண்டே இருந்தார்.
சின்னதுதான் ஐயா இங்கே மிச்சம்.

மெயிலின் அடியில் இரண்டு கதவு.
யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால்
மூவாயிரத்து இருநூறு டாலர் நான் கட்டணும், வரி தனி.
இல்லையென்றால் படிக்கிறவர் கட்டணும்,
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு நாற்பது டாலர்.
தள்ளுபடி கேட்டு எழுதினேன்.
பட்டியலில் உங்கள் நாடு நடுவில் இருக்கிறது,
பாதி குறைக்கிறோம் என்றார்கள்.
மீதிப் பாதி, எனக்கு வராமல் கிடக்கிற
நாலு மாச உதவித்தொகை.
அந்தக் கோப்பு மேலே போயிருக்கிறதாம்.
மேலே என்றால் எந்த மாடி என்று கேட்கவில்லை.

ஏகவல்லியக்கா
முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில்
கையால் தடவி இறால் பிடிக்கிறவள்.
நாற்பத்தேழில் முப்பத்தொன்று அவள் தந்த நண்டு.
'இன்னா சொல்லிச்சு என் நண்டு?'
சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.
'அத்த பேப்பர்ல குடு.
கலெக்டராபீஸ்ல வாயால சொன்னா எழுதிக்க மாட்டானுங்க.'

பேப்பரின் விலையை ரூபாயில் மாற்றிச் சொன்னேன்.
'நண்டு என்து. அறுத்தது நீ, எழுதனது நீ.
சரி பாத்தவங்களுக்கு இன்னா குடுத்தான்?'
ஒன்றுமில்லைக்கா.
நானே அவர்களுக்கு ஐந்து பார்த்துக் கொடுத்திருக்கிறேன்,
நன்றி என்று ஒரு சான்றிதழ் வந்தது.
அவள் சிரித்த சிரிப்புக்கு, நல்லவேளை,
பறி வாயில் இல்லை. இருந்திருந்தால்
இறாலோடு ஆற்றில் போயிருக்கும்.

'இங்கயும் ஒருத்தன் கீறான்.
வலைக்குக் கடன் குட்த்துட்டு
மீனெல்லாம் அவனுக்கே போடணும்பான், அவன் சொன்ன வெலைக்கு.
ஆனா கொழம்பு மீனத் தொட மாட்டான்.
கடல்ல எறங்கனவன் வூட்டுச் சட்டிக்கு அது.
உன் சீட்டுல கொழம்பு மீனு கீதா இல்லியா?
படிச்சியா?'

படிக்கவில்லை.
எட்டுப் பக்க ஒப்பந்தத்தை யார் படிக்கிறார்கள்?
அடியில் ஒரு கட்டம், ஒரு டிக்.

தண்டையார்பேட்டை அறையில், கரண்ட் போன ராத்திரி,
போன் வெளிச்சத்தில் படித்தேன்.
நான்காவது பிரிவு, உட்பிரிவு ஆ.
அவர்கள் கோத்த பக்கம், இரட்டைப் பத்தி, சின்னம், எண்,
எல்லாம் அவர்களுடையது.
ஏற்கப்பட்ட என் வேர்டு கோப்பை
இருபத்துநான்கு மாதம் கழித்துக் களஞ்சியத்தில் வைக்கலாம்.
(அதற்குள் சாம்பல் குழாய் எத்தனை தடவை உடையும்?)
அதற்கும் கீழே ஒரு வரி:
மதிப்பீட்டுக்கு அனுப்புமுன் இருந்த முதல் பிரதி
எப்போதும், எங்கும், யாருக்கும்.

குழம்பு மீன்.

முள்ளும் இருந்தது. முதல் பிரதியில்
ஈயத்தின் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்திருந்தது.
கண்டுபிடித்தவர் அந்த இரண்டாம் மதிப்பீட்டாளர்தான்,
பேர் தெரியாதவர், சம்பளமில்லாதவர்.
அவரை நினைத்துக்கொண்டே திருத்தி
ஓரத்தில் தேதி போட்டு, விடிவதற்குள் ஏற்றினேன்.
பணம் வேண்டாத கதவில் டிக் போட்டேன்.

எர்ணாவூர் ஜெராக்ஸ் கடையில் பக்கம் ஒரு ரூபாய்.
முன்னால் ஒரு தாள் தமிழில் சேர்த்தேன்.
ஏகவல்லியக்கா கடைசிப் பக்கம் திருப்பித்
தன் பேரை விரலால் தடவினாள்.
ஆசிரியர் வரிசையில்தான் போட நினைத்தேன்.
நிறுவனம் என்ற கட்டத்தை நிரப்பாமல்
அடுத்த பக்கம் போக விடவில்லை.

ரேஷன் கார்டு வைக்கிற கவரில் செருகிக்கொண்டு கேட்டாள்:
'ஒரிஜினல் எங்கன்னு கேப்பானுங்களே?'

எது ஒரிஜினல் என்று எனக்கே ஒரு நிமிஷம் ஆயிற்று.
இதான்க்கா என்றேன்.
ரயில்வே கேட் போட்டிருந்தார்கள்.
நிலக்கரி வண்டி. பெட்டிகளை அவள் எண்ணத் தொடங்கினாள்.