சாண் கணக்கு

புதன்கிழமைச் சாமம் நீ விழுந்தாய்.
நிலத்தில் இல்லை.
மெத்தைக்குக் கீழே செருகியிருந்த நுளம்புவலை
உன்னை ஏந்திக்
கட்டிலோரம் தொங்கவிட்டிருந்தது,
ஒட்டி மீனைப்போல ஒரு பக்கம் சரிந்து
அழாமல்
வலைக்கண்ணுக்குள் விரல் விட்டபடி.

பெனடிக்ற் லைற்றைப் போட்டான்.
பாசையூரில் பிறந்தவன்,
வலையில் எது சிக்கினாலும் முதலில் சிரிப்பான்.
அன்றைக்குச் சிரிக்கவில்லை.
"ஒன்பது மாதம். இனிக் காணும்."

சுவிசுக்குப் போகிற ஒரு வீடு
சுண்டுக்குளியில் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தது.
கடைக்காரர் கொட் என்பார்கள், அக்கா தொட்டில் என்பாள்,
நான் சின்னக்கட்டில் என்கிறேன்.
ஓட்டோவின் தலையில் கட்டிக்கொண்டு வந்தோம்.
மேற்சட்டத்தில் பல் பதிந்திருந்தது.
யாரோ ஒரு பொடியன், பெயர் கேட்க மறந்துபோனேன்.
மேலே நாலு, கீழே நாலு,
அவ்வளவு கோபம்.

ஒரு ஆணி குறைந்தது.
அந்த மூலையைத் தங்கூசியால் சுற்றி
பெனடிக்ற் ஏழு முடிச்சுப் போட்டான்.
சுறா இழுத்தாலும் கழராதாம்.

முதல் நாள் உன் கட்டில்
எங்கள் கட்டிலோடு ஒட்டி.
நாலாம் நாள் ஒரு சாண்:
கம்பிகளுக்குள்ளால் என் கை போகும்,
உன் வயிறு ஏறி இறங்குவது தெரியும்.
பத்தாம் நாள் நாலு சாண்:
கை போகும், தோள் நோகும்.
பிறகு யன்னல் பக்கச் சுவர்.
அதற்குச் சாண் கணக்கு இல்லை,
எழும்பி நடக்கவேணும்.

"இங்கை ஆஸ்பத்திரியால வந்த அண்டைக்கே வேற அறை,"
என்கிறாள் கனடாவிலிருந்து அக்கா.
அவளுடைய முதுகில் மூக்கை வைத்துத்தான்
பதினாலு வயதுவரை நான் நித்திரை கொண்டது,
மறந்துபோனாள்.

உனக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியாது, ஜெமிஷா.
நான் தனியே படுத்ததில்லை.
ஐந்து வயதில், மட்டுவிலில் ஒரு பள்ளிக்கூடம்,
வாங்குகளை ஒதுக்கிவிட்டு
ஒரு பாயில் ஒன்பது பேர்.
கடிக்கிறது என்று சொறிந்தால்
அது வேறு யாருடையவோ கால்.
பிறகு அக்கா. பிறகு விடுதி,
அங்கேயும் கரண்ட் போனதும்
நிலாந்தினியின் கட்டிலுக்குத் தாவிவிடுவேன்.
பிறகு இவன்.
தனியே படுக்கப் பழக்குங்கோ என்று
கிளினிக்கில் மிஸ்ஸி சொன்னபோது
தலையாட்டினேன்,
நீந்தத் தெரியாதவளிடம் ஆழம் கேட்டதுபோல.

இன்றிரவு நீ அழுதாய்.
பத்து நிமிசம் விடச் சொல்லியிருந்தார்கள்.
மூன்றாவதில் எழும்பினேன்,
அதற்குள் நிறுத்திவிட்டாய்.
இருட்டில் கறக், கறக் என்று ஒரு சத்தம்.
எழுந்து குந்தி
சட்டத்தைக் கடிக்கிறாய்,
அந்தப் பொடியனின் எட்டுப் பல்லுக்குப் பக்கத்தில்
உன்னிடமிருக்கும் இரண்டால்.
கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

எங்கள் மெத்தையின் நடுவில் உன் அளவில் ஒரு பள்ளம்.
ஒன்பது மாதம் ஓரத்தில் தொங்கிய இரண்டு பேர்
இப்பவும் ஓரத்திலேயே,
பஸ்சில் யாரோ லேஞ்சி போட்டுப் பிடித்த சீற்றைப்போல
அந்த இடத்தைத் தொடாமல்.

"நித்திரையோ?"
"இல்லை."
"நானும்."
தொழிலுக்குப் போகிறவர்களின் மோட்டர் சத்தம்
ஒவ்வொன்றாய்க் கரையை விட்டது.
அவன் நீட்டிய கை
பள்ளத்தைத் தாண்டி வந்து என் காதில் இடித்தது.
சிரிப்பு வந்தது, சத்தமில்லாமல் சிரிக்க
இரண்டு பேருமே மறந்துபோயிருந்தோம்.
நீ அசைந்தாய். மூச்சைப் பிடித்தோம்.

நாலு மணிக்கு எழும்பி ஐந்து அடி நடந்தேன்.
உன் சின்ன வலையைத் தூக்கிப் பார்த்தேன்.
குப்புறப் படுத்து, குண்டி மேலே,
வாய் அந்த மூலையில்.
தடவிப் பார்த்தேன்:
முடிச்சு ஏழும் இருந்தது.
கடைசி முடிச்சு ஈரமாய்.