வலப்பக்கத் துளை

ரொறொன்ரோவிலிருந்து யோகரத்தினம் கேட்டது ஒரு சொல்தான்:
ஒரிஜினல்.
பெயின்ற் ஒரிஜினல், சீற் ஒரிஜினல்,
கியர்பொக்ஸ் கட்டாயம் ஒரிஜினல்.

ஒஸ்ரின் ஏ நாற்பது.
ஒட்டுசுட்டான் றோட்டில் ஒரு பாலை மரத்தின் கீழே
முன்சீற்றில் கறையான் புற்றோடு நின்றது.
உழவு மெசின் பெட்டியில் ஏற்றி
மாங்குளம் கராஜுக்குக் கொண்டுவந்தோம்
நானும் கஜரூபனும்.

இந்தக் காருக்குக் கியர்த்தடி
ஸ்ரேறிங் தண்டில் இருக்கவேணும், இடப்பக்கம்.
பஞ்சிகாவத்தை றிஸ்மி
போனிலேயே சத்தியம் பண்ணினான்.
இங்கே தண்டில் ஒன்றுமில்லை,
பட்டி பூசி மறைத்த இரண்டு ஓட்டைகள் தவிர.
தடி தரையிலிருந்து முளைத்திருந்தது.
அதுவும் வலப்பக்கம்,
சாரதிக்கும் கதவுக்கும் நடுவே,
உளியால் வெட்டிய பல்லுப் பல்லான துளை வழியாக.
நுனியில் சைக்கிள் பிடி.

"எந்த விசரன்ரை வேலை அக்கா இது?"
நானும் சிரித்தேன்.
தடைக்காலத்தில் யாரோ
யப்பான் வானொன்றின் பெட்டியைத்
திணித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி
றிஸ்மிக்கு இரண்டரை லட்சம் போட்டேன்.
சாக்கில் சுற்றி இரவு பஸ்ஸில் அனுப்பினான்.

பழையதை இறக்கி
அடித்திருகைக் கழற்றியபோது
வந்தது கியர் ஒயில் இல்லை.
இலுப்பெண்ணெய்.
கறுத்து, களியாகி, என்றாலும்
அந்த மணம் பிடரியைப் பிடித்தது.
கஜரூபன் அப்போது பிறக்கவில்லை,
அவனுக்கு அது வெறும் நாற்றம்.
நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.
ஏ ஒன்பதில் லொறிகள் போயின.

பிறகு மண்ணெண்ணெய், கம்பித் தூரிகை.
ஊத்தை கரையக் கரைய
இரும்பின் வயிற்றில் எண் ஒன்று மேலே வந்தது.
சாக்கை அவிழ்த்து றிஸ்மியின் பெட்டியைப் புரட்டினேன்.
அதே எண்.
அதே வளைவு. மூடியில் அதே ஆணிகள்.
இரண்டரை லட்சம் கொடுத்து
இருந்ததையே வாங்கியிருக்கிறேன்.

பெட்டி மாறவேயில்லை.
தடி போகும் வழிதான் மாறியிருந்தது.
சைக்கிள் குழாய், லாண்ட்மாஸ்டர் கம்பி,
லேத்தில் கடைந்த ஒரு முழங்கை மூட்டு,
எல்லாம் காருக்குக் கீழால் குறுக்கே ஓடி
இடத்தை வலமாக்கின.
ஒட்டுகள் எறும்பு நிரைபோல நேர்.
விசரன் வேலை இல்லை இது.

ஸ்ரேறிங் வளையத்தில்
தகரத்தில் வளைத்த கிண்ணமொன்று,
உள்ளே ரியூப் றப்பர் ஒட்டி.
தேத்தண்ணிக் கோப்பை வைக்க என்றுதான்
இதுவரை நினைத்திருந்தோம்.
வளையம் சுற்றினால் கோப்பை நிற்குமா?
அதை நாங்கள் யோசிக்கவில்லை.

சீற் இல்லை. சுருள்கம்பிமேல் சாக்கைப் போட்டு ஏறினேன்.
வலக்கை தடியில்.
இடக்கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.
மடக்கி
முழங்கையைக் கிண்ணத்தில் வைத்தேன்.
இருந்தது.
றப்பர் அந்த இடத்தில் மட்டும்
வழவழவென்று தேய்ந்திருந்தது.

"என்னக்கா?" என்றான் கஜரூபன்.
சாவியைத் தா என்றேன்.
சாவி எங்கே இருக்கிறது அந்தக் காருக்கு.

யோகரத்தினத்துக்கு எழுதினேன்: இதை ஓட்டினது ஆர்?
மறுநாள் பதில்.
நாங்கள் எண்பத்தாறிலை வெளிக்கிட்டிட்டம் தங்கச்சி,
பிறகு ஆராரோ கொண்டு திரிஞ்சவை.
கியர் தண்டிலைதான் வரவேணும்,
கலியாணப் படத்திலை இருக்கிற மாதிரி.

பூட்டிக் கொடுத்தேன். காசு அவருடையது.
கிண்ணத்தை மட்டும் வெட்ட
கஜரூபன் இரண்டு நாள் எடுத்தான்.
ஓடிப் பார்க்கப் போனபோது
மூன்றாம் கியர் லேசாக இரைந்தது.
முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிறுத்துகையில்
என் வலக்கை கதவுப்பக்கம் எதையோ தேடிற்று.

பில்லில் கடைசி வரி:
தரைத் துளை அடைத்தல், கூலி இல்லை.
அடைக்கவில்லை.