நாற்பத்தியொன்றாவது வீடு

மூக்கையூர், கிழக்குத் தெரு.
ஜெனோவாவின் கையில் பட்டையைச் சுற்றுகிறேன்.
கருவி புடைத்து, தளர்ந்து,
நூற்று அறுபத்தெட்டு என்கிறது.
வயது முப்பத்திநாலு.

உப்பு எவ்வளவு சேர்ப்பீங்க?
குறைவு, அளவு, அதிகம்.
திரையில் கட்டம் மூன்றுதான்.

உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள்.
குடித்தேன்.
"கஞ்சியில இதுக்கு மேல நான் என்னத்தப் போட?"

லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
வருவது இரவு இரண்டுக்கோ மூன்றுக்கோ,
ஓட்டுகிறவன் மனசு.
ஹாரனுக்காகக் காதைத் திறந்துவைத்துப் படுக்கிறாள்.
(தூக்கம் எத்தனை மணி நேரம் என்பது
இருபத்திரண்டாம் கேள்வி.)
வாங்கும் இரண்டு குடமும் பிள்ளைகளுக்கு.
அவளுக்கும் ரெக்லானுக்கும்
கிணறு.

தினமும் அரைமணி நேரம் நடக்கிறீங்களா?
"பாசி மூட்டையத் தலையில வச்சு நடந்தா
சேத்துக்குவீங்களா?"
ஆம் என்று தட்டினேன்.

உப்புக் கேள்வி மட்டும் சிவப்பாக மினுக்குகிறது.
அதிகம் என்றால் குற்றம் அவள் கைப்பக்குவத்தின் மேல் விழும்.
குறைவு என்றால் அந்த நூற்று அறுபத்தெட்டு
எங்கிருந்து வந்தது?
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

மாத்திரையை நீட்டினேன்.
காலையில ஒண்ணு, தண்ணியோட.
"எந்தத் தண்ணியோட?"

பையிலிருந்த என் பாட்டிலை அவளிடம் கொடுத்தேன்.
மாத்திரைக்கென்று வைத்துக்கொள்ளவில்லை,
நேரே பிள்ளைகள் குடத்தில் கவிழ்த்தாள்,
கடைசிச் சொட்டைத் தட்டி.

வெறும் பாட்டிலில் கிணற்று நீரை மொண்டு
மூடிமேல் பேனாவால் எழுதினேன்:
41.
யாரும் கேட்காத மாதிரி அது.
நாற்பத்திரண்டாம் வீடுவரை
இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.