ஆறு இரண்டு

காலை ஆறு மணி இரண்டு நிமிடம்.
கண்ணாடியில் ஆட்காட்டி விரலை வைத்தேன்.
பச்சை விளக்கு. 'நன்றி' என்றது ஒரு பெண்குரல்.
அந்தத் தேயிலை ஃபேக்டரியில்
தினமும் எனக்கு நன்றி சொன்னது அது ஒன்றுதான்.

கோத்தகிரிக்கு மேலே, தை மாதம்,
பனி இன்னும் புல்லை விடவில்லை.
விறகு தள்ளும் புத்ராம் ஊருக்குப் போயிருந்தான்,
அக்கா கல்யாணம், ராஞ்சிக்கும் அப்பால்.
'யோகமலரு, இன்னிக்கு ஒரு நாளு
அடுப்ப நீ பாத்துக்க' என்றார் பெள்ளிராஜ் சூப்பர்வைசர்.
வாயால் சொன்னது.
வாயால் சொன்னதற்கு ரசீது கிடையாது.

ஏழே முக்காலுக்குக் கரண்டு போனது.
காற்றாடி நின்றது.
உள்ளே போக வேண்டிய நெருப்பு
கதவு திறந்தவளைத் தேடி வெளியே வந்தது.
சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை.
ஈரத்துணியை உதறினால் வருமே, அவ்வளவுதான்.
செல்வராணிதான் சாக்கை நனைத்துச் சுற்றினாள்.
பிறகு அந்தச் சாக்கைப் பிரிக்க
ஒரு மணி நேரம் ஆனது.

மேட்டுப்பாளையம் வரை வளைவுகளை எண்ணினேன்.
எண்ணிக்கை தப்பிய இடத்தில் காது அடைத்துத் திறந்தது.
கோவை பெரியாஸ்பத்திரி, கொசுவலைக்குள் நாற்பத்தொரு நாள்.
மூன்று பிரசவத்துக்கும் சேர்த்து
இவ்வளவு நாள் யாரும் என்னைப் படுக்க விட்டதில்லை.

தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள்.
அதற்கு வேர்க்காது. மயிர் சிலிர்க்காது.
உறைபனி விழும் இரவில் மட்டும்
உள்ளிருந்து யாரோ நூலைப் பிடித்து
சுருக்குப்பையை இழுப்பது போல் இழுக்கும்.

டாக்டர் ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்து
முப்பத்தெட்டு சதவீதம் என்று எழுதினார்.
மீதி அறுபத்திரண்டை வீட்டில் தேடினேன்.
சேலைக் கொசுவத்தில் இல்லை.
பஸ்சில் சில்லறை எடுக்கையில் இல்லை.
சின்னவள் பேன் பார்க்க மடியில் சாய்ந்தபோது
இடது கையில் கொஞ்சம் அகப்பட்டது.

குன்னூர் தொழிலாளர் அலுவலகம்.
கம்பெனி வக்கீலுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
அன்று இந்த அம்மா வேலைக்கே வரவில்லை என்றார்.
வந்திருந்தாலும் அடுப்பு இவர் வேலையில்லை என்றார்.
ஒரே மூச்சில் இரண்டும்.
ஒன்று விழுந்தால் ஒன்று நிற்கட்டுமென்று.
வருகைப் பதிவேட்டில் அந்தப் பக்கம் மட்டும்
சாயம் கொட்டி அழிந்துவிட்டதாம்.
செல்வராணி, தான் சலிக்கும் அறையில் இருந்ததாக,
ஒன்றும் பார்க்கவில்லை என்றாள்.
அவள் இருப்பது கம்பெனி லைன் வீடு.
நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை,
அவளுக்கு அது சிரமமாக இருக்கும்.

சங்கத்து அருமைராஜ் மனு மேல் மனு போட்டு
மூன்றாவது வாய்தாவில்
அந்த எந்திரத்தையே வரவழைத்தார்,
மஞ்சள் பையில், ஒயரைச் சுற்றி.
'உங்க விரல்தானா? வைங்கம்மா' என்றார் அதிகாரி.
வைத்தேன்.
சிவப்பு. 'மீண்டும் முயற்சிக்கவும்.'
அதே குரல்.
துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன்.
'மீண்டும் முயற்சிக்கவும்.'
வக்கீல் தொண்டையைச் செருமினார்.
ரேகை இருந்த இடம் மெழுகு போல வழவழவென்று இருந்தது.

அருமைராஜ் பொத்தான்களை அழுத்தி அழுத்திப் பின்னோக்கிப் போனார்.
நூற்றிப்பதினேழாம் எண். தை. ஆறு இரண்டு. உள்ளே.
வெளியே என்ற கட்டத்தில் எதுவுமில்லை.
அதற்குப் பிறகு எந்த நாளிலும் எதுவுமில்லை.
எனக்குச் சட்டென்று புரிந்தது:
அந்த விரல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.
கோடு கோடாக, சுழி சுழியாக,
ஏழே முக்கால் ஆகாமல்.

அதிகாரி என் கையை வெகுநேரம் பார்த்தார்.
ஏதோ எழுதினார். வாய்தா பதினெட்டாம் தேதிக்கு.
இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேன்.

எந்திரத்தைத் திரும்பப் பையில் போட்டுக் கட்டினார்கள்.
வெளியே ஐப்பசி மழை, சாய்ந்து அடித்தது.
பார்த்துக் கொண்டு போங்கள்,
அதற்குக் குளிரும் என்று சொல்ல
வாயெடுத்தேன்.