மரக்கலம், மறுபடியும்

மஹ்பூலாவில் வெள்ளிக்கிழமை.
தூசிக்காற்று எதிர்க்கட்டடத்தைத்
தின்று முடித்துவிட்டு
எங்கள் ஜன்னல் இடுக்கில் வாய் வைத்திருந்தது.
உள்ளே ஐந்து பேர், ஒரு மடிக்கணினி,
பதினோரு வருடம் கழித்து வந்திறங்கிய
'மரக்கல'த்தின் புது அத்தியாயம்.

நாலாவது நிமிடமே
ஞானதிரவியம் கட்டிலிலிருந்து குதித்தான்.
"நிறுத்து. கொஞ்சம் பொறத்த போ.
லேய், இது நம்ம ஆறு இஞ்ச் டக்ட்லா!"
ஏசி மெக்கானிக்கின் கண் தப்பாது.
உயிர்வாயு அறையின் கூரை நெடுக
வெள்ளித்தாள் சுற்றிய வளைகுழாய்,
கிளிப்புகூட இல்லாமல்
துணி டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.
"இத வச்சி எப்டிலே வியாழன தாண்டுவான்?"

எங்களுக்கே வியாழன் தாண்ட
முதுகு ஒடிகிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.
விஷயம் அவ்வளவு முற்றியிருந்தது.

பழைய மரக்கலத்துக்குக் காசு இருந்தது.
மூன்று நிலவு எழும், கண்ணாடி நகரம் உடையும்,
ஒரு சண்டைக்கு நானூறு பேர் சாவார்கள்.
ஒரு புதன் இரவு
'தொடரும்' என்று போட்டவர்கள்
சேனலை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.
கலம் அப்படியே நின்றது, இருட்டில்,
எரிபொருள் பாதியோடு.

இப்போது எடுத்திருப்பவர்கள்
அன்றைக்கு லைட் பிடித்த மூவர்,
ஒப்பனைக்கு வந்த ஒரு பெண்.
கேப்டன் கேட்ட சம்பளம் கட்டுப்படியாகவில்லை.
எனவே கதையில் அவருக்கு முகம் கருகிவிட்டது,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரிகிறார்.
அதோடே டீ குடிக்கிறார்.

"கேப்டன் இடக்கைக்காரர்ப்பா" என்றார் சீனி உவைஸ்,
முதல் பருவத்தின் எண்பத்தெட்டு அத்தியாயமும்
தேதியோடு தெரிந்தவர்.
"இந்த மனுசன் வலக்கையால எழுதுறார்.
முகம் கருகினா கையுமா மாறும்?
இது மரக்கலமே இல்ல. வேற படகு."

அதுவரை சோறு பிசைந்துகொண்டிருந்த பிரதீபன்
தட்டைக் கீழே வைத்தான்.
"காசில்லாட்டி எடுக்காமலே இருக்கோணுமே?
நடுவழியில விட்டிட்டுப் போனவை
காசுக்காரர்தானே, அண்ணை."

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.

பழசைப் பார்த்திராத வேல்மயில்
இடையில் புகுந்து கேட்டான்:
"ஆமா, இவங்கள்லாம் எங்கப்பா போறாங்க?"
பூமிக்கு என்றேன்.
பூமியிலிருந்து என்றார் உவைஸ்.
போகவில்லை, துரத்துகிறார்கள் என்றான் பிரதீபன்.
அதற்கு ஒரு அரைமணி போனது.

கோள்கள் காட்டப் பணமில்லை.
ஒரே தாழ்வாரம்தான்,
நீல பல்பு போட்டால் மேல்தளம்,
சிவப்பு போட்டால் எஞ்சின்.
பத்துப் பேருக்கு நாலு படுக்கை.
ஒருத்தி எழுந்து வேலைக்குப் போக,
அந்தச் சூட்டிலேயே இன்னொருத்தி வந்து படுக்கிறாள்,
தலையணையை மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டு.

அந்தக் காட்சிக்கு ஞானதிரவியமும்
குறை ஒன்றும் சொல்லவில்லை.
நான் இரவுப்பணி.
என் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தான்.

முடிவில் ஒரு கறுப்புத்திரை:
அடுத்த அத்தியாயத்துக்கு
இயன்றதை அனுப்பவும்.
பிரதீபன் ஐந்து தினார் என்றான்.
உவைஸ், கை சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.
ஞானதிரவியம் ஒரு ஃபில்ஸ்கூடத் தரமாட்டேன் என்று
சத்தியம் செய்துவிட்டு
அன்றிரவு போனை முகத்தருகே வைத்து
நீளமாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தான்.
எட்டிப் பார்த்தேன்:
மீட்டருக்கு ஒரு கிளிப்பு அடிக்கவும்.
துணி டேப் சூட்டில் நிக்காது, அலுமினிய டேப் வாங்கவும்.
படமும் வரைந்து அனுப்பியிருந்தான்.

ஏழு வாரம் கழித்து இரண்டாவது வந்தது.
கேப்டன் இன்னும் வலக்கைதான்.
உயிர்வாயு அறைக்கு ஒருத்தி ஓடிவந்தாள்,
அவள் தலைக்கு மேலே, மீட்டருக்கு ஒன்றாக,
பளபளவென்று கிளிப்புகள்.

எல்லாரும் ஞானதிரவியத்தைப் பார்த்தோம்.
அவன் திரைக்குக் கிட்டே போய்
கண்ணைச் சுருக்கினான்.
"அந்த மூணாவது
தலகீழா மாட்டிருக்கானுவ" என்றான்.