இருபுறமும் வாயுள்ள படகு

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள்.
ஒன்பதாவது:
இறையழைத்தலை முதன்முதலில் எப்போது கேட்டீர்கள்?
யாஸ்னா மன்சியா எழுதியிருந்தாள்:
'எதுவும் கேட்கவில்லை, சகோதரி.
ஆலையில் இயந்திரம் நின்ற பிறகுதானே
அதுவரை அது இரைந்துகொண்டிருந்ததே தெரியும்,
அப்படி.'

கெயோன் துறைமுகத்தில் சால்மன் ஆலை.
முள்ளெடுக்கும் மேசையில் ஏழாவது இடம்.
வயது இருபத்து மூன்று.
எத்தனை சோப்புப் போட்டாலும்
மீன்வாடை எனக்கு முன்னால் வந்து நிற்கும் என்று
முதல் சந்திப்பில் மன்னிப்புக் கேட்டாள்.
பேதுருவின் மேல்
ரோஜாவா மணத்திருக்கும்?

சபை எனக்குத் தந்த பணி
இளம்பெண்களோடு உடன் நடப்பது.
நடப்பது என்று பெயர்;
பெரும்பாலும் வண்டி ஓட்டுவது.
சிலோயே தீவிலிருந்து பெருநிலத்துக்குச்
சக்காவோ நீரிணையில் அரைமணிப் படகு.
பதினோரு ஆண்டில்
இருபத்தாறு பேரைக் கூட்டிப்போனேன்.
நான்கு பேர் தங்கினார்கள்.
ஒருத்தி சமைக்கும்போது பாடுகிறாள்.
மற்ற மூவரைப் பற்றி
எனக்கு உறுதியாகத் தெரியாது.

ஆண்டறிக்கையில் நான்கு என்று எழுதுவார்கள்.
மீதி இருபத்திரண்டு பேரின் பிறந்தநாள்
என் நாட்குறிப்பில் இருக்கிறது.

அன்று மழை.
(சிலோயேயில் இதைச் சொல்வது வீண்.)
படகு வாய் திறந்தது.
பனிக்கட்டி லாரி, விறகு லாரி,
செம்மறிகள் ஒரு வண்டி,
கடைசியாக நாங்கள்.

வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.
மடியில் உருளைக்கிழங்கு மில்காவோ,
பாதி ஆறியது.
எலியாசரைப் பற்றிச் சொன்னாள்.
கடலுக்கடியில் சிப்பி எடுப்பவன்.
மேலே வந்ததும் முதலில் அவளைத்தான் தேடுவான்.
'நல்லவன், சகோதரி.
கெட்டவனாயிருந்தால் எவ்வளவு சுலபம்.'

இதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு.
பயிற்சியில் கொடுத்தது,
மூன்று பத்தி, இரண்டு இறைவசனம்.
தொண்டை வரை வந்தது.
மில்காவோவோடு விழுங்கிவிட்டேன்.

செம்மறி ஒன்று கத்தியது.
அவள் கண்ணாடியைத் துடைத்தபடி,
'நீங்கள் சரியாகத்தான் தேர்ந்தீர்களா?'

முப்பத்தொரு ஆண்டு.
நித்திய வார்த்தைப்பாடு எடுத்த நாளில்
காலணி கடித்தது நினைவிருக்கிறது.
மூன்றாம் குளிர்காலத்தில்
செபமாலை கையிலும்
பேருந்துச் சீட்டு பையிலுமாக
நிலையத்தில் நின்றது நினைவிருக்கிறது.
பேருந்து வந்தது.
போனது.
அழைத்தவர் தடுத்தாரா,
நான் அசதியில் உட்கார்ந்துவிட்டேனா,
இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதைவிட ஒன்று நெஞ்சில் குத்தியது.
அன்று விடியலில் மடத்தலைவியின் தொலைபேசி:
'இவளையாவது விட்டுவிடாதே.'
தராசைப் பிடிக்க வந்தவள் நான்.
என் கட்டைவிரல்
தட்டின்மேல் இருந்தது.

சொன்னேன்:
'யாஸ்னா, எங்கள் இல்லத்தில்
எட்டு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன.
அதனால் நான் எது சொன்னாலும்
பாதி விலைக்கு எடுத்துக்கொள்.'

அவள் என்னைப் பார்த்தாள்.
பிறகு சிரித்தாள், வாய்நிறைய மில்காவோவோடு.
அந்தச் சிரிப்பில்
ஆமென்றும் இல்லையென்றும் ஒன்றுமில்லை.

கரை வந்தது.
இப்போது எதிர்ப்பக்கத்து வாய் திறந்தது.
இந்தப் படகுக்கு முன் எது, பின் எது என்று
மாலுமியைக் கேட்டால்
'எங்கே போகிறோமோ அது முன்' என்பான்.
வண்டி கிளம்பவில்லை.
பேட்டரி செத்திருந்தது.
இறங்கி இருவரும் தள்ளினோம்,
மழையில், இரும்புத் தளம் வழுக்க,
விறகு லாரிக்காரனும் வந்து தோள் கொடுத்தான்.
அவள் கைகள் என் கைகளுக்கருகே.
வெட்டுக்காயங்கள், உப்பில் வெளுத்தவை.

ஒரு வாரம் எங்களோடு இருந்தாள்.
அதிகாலைச் செபத்தில் இருமுறை தூங்கினாள்.
நற்கருணைக்கு முன் ஒருமுறை
ஒரு மணி நேரம் அசையாதிருந்தாள்.
ஞாயிறு படகில் திரும்பினாள்.
கரையில் ஈர உடுப்போடு ஒருவன் நின்றான்.
அவள் கையசைத்தது அவனுக்கா எனக்கா,
தூரத்தில் தெரியவில்லை.

அறிக்கையில் மூன்று கட்டங்கள்:
தகுதி, தகுதியின்மை, காத்திருத்தல்.
மூன்றையும் விட்டு ஓரத்தில் எழுதினேன்:
வண்டி தள்ளுவாள்.

தொலைபேசி அடிக்கிறது.
மடத்தலைவியாய் இருக்கும்.
அடிக்கட்டும்.