முதுகு காட்டிய சீல்

சுங்கை பாக்காப். மழை விட்ட மத்தியானம்.
அடி போல்ட்டைக் கழற்றினேன்.
பால் விட்ட கோப்பி நிறத்தில்
அவசரமே இல்லாமல் இறங்கியது
கியர்பாக்ஸ் எண்ணெய்.
போன வெள்ளம் இன்னும் உள்ளேதான்
குடியிருந்திருக்கிறது.

டீசல் ஊற்றிக் கழுவினேன், மூன்று தடவை.
பழைய பல் பிரஷ், கிழிந்த பாத்தேக் துணி.
காந்தத்தில் இரும்புத் தூள்
பூனை முடிபோல் சிலிர்த்து நின்றது.
பற்களை விரலால் தடவி எண்ணினேன். முழுசு.

பிறகுதான் அந்த சீல்.
ஸ்பிரிங் எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும்.
இது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது,
வீட்டுக்கு முதுகைக் காட்டி
தெருவை வேடிக்கை பார்க்கும் காவல்காரன்.

டிராக்டரை விற்ற தே ஹுவாட்டை
மூன்று வருஷமாக ஏசியிருக்கிறேன்
சந்தையில், எண்ணெய் நிலையத்தில்,
அவன் மகள் கல்யாண விருந்தில்கூட.
அந்த சீலை அடித்து உட்கார வைத்தவள்
நான்.
ஓரத்துச் சுத்தியல் தழும்பு சாட்சி:
இடக்கைக்காரியின் சாய்வு.

புது சீல். உதட்டில் கொஞ்சம் கிரீஸ்.
கேஸ்கட்டுக்குப் பசை.
போல்ட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கி,
அடியில் அட்டை விரித்துவிட்டுப்
படுக்கப் போனேன்.

காலையில் அட்டையில் ஒரு பொட்டு.
முகர்ந்தேன். மழைதான்.

போனை எடுத்து
அவன் பெயர்வரை போய்
நகக்கண்ணில் ஒட்டிய கறுப்பைப்
பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.